டாக்டர் அல்சைமரும் 51 வயதும்



லேப் ரெக்கார்டை ரூமிலேயே வச்சுட்டு வந்த நண்பனைப் பார்த்து, உனக்கு என்ன அல்சைமரான்னு ஒரு தடவையாவது கிண்டல் பண்ணியிருப்பீங்க. அது மறதி நோயோட பெயர்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு மனிதர். வயசானா மறதி வரத்தான் செய்யும்னு எல்லாரும் கடந்து போன ஒரு விஷயத்தை உட்கார்ந்து கவனிச்சவர் அவர். அவர் கதையை இந்த இதழில் சொல்றேன். கதை முடியும்போது உங்க அப்பா அம்மாவோட வயசு என்னன்னு ஒரு நிமிஷம் யோசிப்பீங்க. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

பகலில் நோயாளிகள், இரவில் மைக்ரோஸ்கோப்

அலோயிஸ் அல்சைமர் 1864 ஜூன் 14 அன்று ஜெர்மனியின் பவேரியா பகுதியில், மைன் நதிக்கரையில் உள்ள மார்க்ட்பிரைட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா பத்திரப் பதிவு செய்யும் அதிகாரி. பெர்லின், டூபிங்கன், வூர்ஸ்பர்க் என்று மூன்று ஊர்ப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படித்தார். புத்தகப்புழு என்று நினைத்துவிடாதீங்க. வூர்ஸ்பர்க்கில் படிக்கும்போது மாணவர் சங்கத்தில் சேர்ந்து வாள் சண்டை போட்டு, முகத்தில் ஒரு தழும்பும் வாங்கிக்கொண்டார். அவருடைய டாக்டர் பட்ட ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? காதில் குரும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றி! மூளைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனா மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்காத பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

1888 கடைசியில் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மனநல மருத்துவமனை என்றால் கட்டிப்போடுவது, பூட்டி வைப்பது என்றுதான் பல இடங்களில் நடந்தது. இந்த மருத்துவமனையின் இயக்குநர் எமில் சியோலி வேறு மாதிரி. முடிந்தவரை யாரையும் கட்டிப்போடக் கூடாது என்று நினைத்தவர். பதற்றமாக இருப்பவர்களை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நீண்ட நேரம் உட்கார வைத்து அமைதிப்படுத்துவார்கள். அல்சைமருக்கு இந்த வழி பிடித்துப் போனது. நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவார், கேள்வி கேட்பார், அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வைப்பார்.

அடுத்த வருடம் ஃபிரான்ஸ் நிஸ்ல் என்ற இன்னொரு இளம் மருத்துவர் அங்கே வந்தார். நரம்பு செல்களைச் சாயம் போட்டுத் தெளிவாகப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இன்றும் மூளை ஆய்வகங்களில் நிஸ்ல் சாயம் என்றே சொல்கிறார்கள். இரண்டு பேரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். பகல் முழுக்க வார்டு, ராத்திரி மைக்ரோஸ்கோப், இதுதான் அவர்கள் வாழ்க்கை.

அந்த வருடங்களில் அல்சைமர் ஒரு முக்கியமான விஷயத்தை எழுதினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் தடித்து, இறுகிப்போனால், மூளையின் சில பகுதிகள் ரத்தம் கிடைக்காமல் சுருங்கிப் போகும், அதனாலும் நினைவும் சிந்தனையும் கெடும் என்பது அது. இதை ஒரு ஓரமாக ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

நடுவில் அவருக்குக் கல்யாணமும் ஆனது. மனைவி செசிலி, ஒரு வைர வியாபாரியின் விதவை. மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். 1901ஆம் ஆண்டு செசிலி இறந்து போனார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அல்சைமரின் தங்கை வீட்டுக்கு வந்தார். அவர் முன்பைவிட அதிகமாக வேலையில் மூழ்கினார்.

சாவி தெரிந்தது, சாவியைப் பார்த்தது தெரியவில்லை

அதே 1901, நவம்பர் 25. அவுகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. ஒரு மகள். அதுவரை அடக்கமாகக் குடும்பம் நடத்திய பெண். முதலில் கணவர் மேல் காரணமே இல்லாத சந்தேகம் வந்தது. பிறகு சமையலில் தப்பு வர ஆரம்பித்தது. பொருட்களை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டுத் தேடுவார். வீட்டுக்குள்ளேயே காரணம் இல்லாமல் அங்கும் இங்கும் நடப்பார். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று பயந்து சத்தம் போடுவார்.

அவருக்கு அப்போது வயது 51. எழுபது எண்பது வயதுப் பாட்டிக்கு இப்படி வந்திருந்தால் முதுமை என்று அன்றைக்கு விட்டிருப்பார்கள். 51 என்பதுதான் அல்சைமரை நிறுத்தியது.

மறுநாளே அவர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். பெயர் என்ன என்று கேட்டால் அவுகுஸ்டே என்று சரியாகச் சொன்னார். கணவர் பெயர் கேட்டாலும் அவுகுஸ்டே என்றுதான் பதில் வந்தது. பென்சில், பேனா, பர்ஸ், சாவி, டைரி, சுருட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றுக்கும் சரியான பெயர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, உங்களுக்கு என்னென்ன காட்டினேன் என்று கேட்டபோது ஒன்றும் ஞாபகம் இல்லை. பன்றிக்கறியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டே கீரை சாப்பிடுவதாகச் சொன்னார். பெயரை எழுதச் சொன்னால், திருமதி என்று எழுதியதுமே மீதியை மறந்துவிட்டார். தன்னையே தொலைத்துவிட்டதாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. நம்ம மூளையில் ஞாபகம் என்பது ஒரே ஹார்ட் டிஸ்க் இல்லை. சாவி என்றால் என்ன, கீரை என்றால் என்ன என்ற பொது அறிவு ஒரு வகை. இன்று காலையில் யாரைப் பார்த்தேன் என்ற நிகழ்ச்சி ஞாபகம் இன்னொரு வகை. சைக்கிள் ஓட்டுவது, பூக் கட்டுவது மாதிரி கை பழகின ஞாபகம் மூன்றாவது வகை. புது நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதில் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த நோய் பெரும்பாலும் முதலில் கை வைப்பது அதிலும் அதைச் சுற்றியுள்ள இடத்திலும்தான். அதனால்தான் சாவி தெரிந்தது, சாவியைப் பார்த்தது தெரியவில்லை.

யாரும் கேள்வி கேட்கவில்லை

1903இல் அல்சைமர் ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டுக் கிளம்பினார். அந்தக் காலத்தின் பெரிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் அழைத்திருந்தார். முதலில் ஹைடல்பர்க், பிறகு மியூனிக். மியூனிக்கில் முதலில் அவருக்குச் சம்பளமே கிடையாது. மனைவி விட்டுச் சென்ற சொத்து இருந்ததால் சம்பளம் இல்லாமலேயே ஆய்வகத்தை நடத்தினார். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். நரம்பியலில் இன்று நோய்களின் பெயர்களாக இருக்கும் லூவி, கிரொய்ட்ஸ்ஃபெல்ட், யாகோப் எல்லாரும் அந்த ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள்தான். ஒவ்வொரு மாணவர் பக்கத்திலும் உட்கார்ந்து அவர் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்து விளக்குவாராம். விளக்குற மும்முரத்தில் கையிலிருந்த சுருட்டை அந்த மேஜையிலேயே வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவாராம். சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்கும் என்று சொல்வார்கள்.

ஊர் மாறியும் அவர் அவுகுஸ்டேயை விடவில்லை. நிலைமை எப்படி இருக்கிறது என்று ஃபிராங்க்ஃபர்ட்டில் விசாரித்துக்கொண்டே இருந்தார். 1906 ஏப்ரல் 8 அன்று அவுகுஸ்டே இறந்தார். கடைசி நாட்களில் பேச்சு இல்லை, படுத்த படுக்கை, படுக்கைப்புண். அல்சைமர் கேட்டுக்கொண்டபடி மருத்துவக் கோப்பையும் மூளையையும் சியோலி மியூனிக்குக்கு அனுப்பி வைத்தார்.

மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி என்பவர் சில வருடங்களுக்கு முன்புதான் வெள்ளி உப்பு வைத்துச் சாயமேற்றும் முறையைக் கொண்டு வந்திருந்தார். அந்தச் சாயத்தில் அல்சைமர் இரண்டு விஷயங்களைப் பார்த்தார். ஒன்று, செல்களுக்கு வெளியே அங்கங்கே திட்டுத் திட்டாகப் படிந்திருந்த ஏதோ ஒரு பொருள். இரண்டு, செல்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்டு சிக்குப் பிடித்த நூல் மாதிரி இழைகள். பல இடங்களில் செல் செத்துப் போய் அந்தச் சிக்கு மட்டும் மிச்சம் இருந்தது. வெளியே இருந்த திட்டுக்குக் காரணம் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் என்பது 1984இல்தான் தெரிந்தது. உள்ளே இருந்த சிக்கு டாவ் என்ற புரதம் என்பதும் எண்பதுகளில்தான் தெளிவானது. கையில் சாயமும் லென்சும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் இரண்டையும் பார்த்துவிட்டார்.

1906 நவம்பர் 3, டூபிங்கன் நகரம். தென்மேற்கு ஜெர்மனியின் மனநல மருத்துவர்கள் கூட்டம். அல்சைமர் அவுகுஸ்டேயின் கதையையும் தான் பார்த்ததையும் சொல்லி முடித்தார். கேள்வி ஏதாவது உண்டா என்ற கட்டம் வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம்ம புராஜெக்ட் ரிவ்யூல யாரும் கேள்வி கேட்கலைன்னா நிம்மதியா வெளியே வருவோம். ஐந்து வருட உழைப்பைக் கொட்டிய மனிதருக்கு அந்த மௌனம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பெயர் வந்தது, சந்தேகமும் வந்தது

1910இல் கிரேப்பலின் தன் பாடப்புத்தகத்தின் எட்டாம் பதிப்பில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். முதுமைக்கு முன்னாலேயே வரும் தனி நோய் என்பது அவர் கருத்து. இதே சமயத்தில் பிராகா நகரில் ஆஸ்கர் ஃபிஷர் என்ற மருத்துவர், வயதானவர்களின் மூளையிலும் இதே திட்டுகளைப் பார்த்து 1907இலேயே எழுதியிருந்தார். அவர் பெயர் மறைந்தே போனது. யூதர் என்பதால் நாஜிகள் அவரைப் பிடித்துத் தெரேசின் சிறையில் அடைத்தார்கள். 1942இல் அங்கேயே இறந்தார்.

தன் பெயரிலேயே நோய் வந்த பிறகும் அல்சைமருக்குத் திருப்தி இல்லை. 1911இல் இன்னொரு நோயாளியைப் பற்றி எழுதும்போது, இது உண்மையிலேயே தனி நோயா, இல்லை முதுமையில் வருவதும் இதுவும் ஒன்றுதானா என்று வெளிப்படையாகவே கேட்டார். தன் பெயரில் இருக்கும் கண்டுபிடிப்பையே சந்தேகப்பட ஒரு மனசு வேண்டும், இல்லையா?

அவர் சந்தேகம் சரிதான். ஆனா உலகம் அதை ஒத்துக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1960களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், நினைவு தவறி இறந்த முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது பலவற்றில் அதே திட்டும் அதே சிக்கும் இருந்தன. 1976இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன், இது அரிய நோய் அல்ல, பெரும் உயிர்க்கொல்லி என்று எழுதினார். இதற்கு நடுவில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கிடைத்த பதில், வயசானா இப்படித்தான் என்பது மட்டும்தான்.

அல்சைமர் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1912இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று அந்த ஊர் போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே போகும் ரயில் பயணத்திலேயே உடம்பு படுத்திவிட்டது. தொண்டைத் தொற்று இதயத்தையும் சிறுநீரகத்தையும் பிடித்தது. முழுசாகக் குணமாகவே இல்லை. 1915 டிசம்பர் 19 அன்று இறந்தார். ஃபிராங்க்ஃபர்ட்டில் மனைவி பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். வயது 51. அவுகுஸ்டே மருத்துவமனைக்குள் நுழைந்த அதே வயது.

அவர் கையால் எழுதிய அந்தக் கோப்பு காணாமல் போயிருந்தது. 1995 டிசம்பரில்தான் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையின் பழைய காகிதக் கட்டுகளுக்கு நடுவில் அது கிடைத்தது. அவுகுஸ்டேயின் புகைப்படம், அவர் எழுத முயன்று பாதியில் விட்ட தாள், எல்லாம் உள்ளேயே இருந்தன.

எது சாதாரண மறதி?

சரி, இப்போ நம்ம கதைக்கு வருவோம். வயது ஏறினால் ஞாபகம் மாறத்தான் செய்யும், அதுக்காகப் பயப்பட வேண்டாம். முகம் தெரியும், பெயர் நாக்கு நுனியில் நிற்கும். புது போனைக் கத்துக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தால் ஒன்று விட்டுப் போகும். ஆனா சொல்வளம், அனுபவ அறிவு, கைத்தொழில் இதெல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சொல்வளம் அறுபதைத் தாண்டியும் குறையாமல் நிற்கும்.

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சாதாரணம். சாவி எதற்கு என்று மறப்பது சாதாரணம் இல்லை. பழகின தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியைச் சில நிமிடத்திலேயே திரும்பக் கேட்பது, வருஷக்கணக்கா செய்த சமையலின் வரிசை குழம்புவது, குணமே மாறிப் போவது, இதெல்லாம் தெரிந்தால் டாக்டரிடம் கூட்டிட்டுப் போகணும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், இவற்றாலும் மறதி வரும். அவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டா சரியாகக்கூடியதும் சரியாகாமல் போயிடும்.

எது காப்பாற்றும்?

அல்சைமர் நோயை முழுசாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அமிலாய்டை அகற்றும் லெகனமாப் போன்ற புது மருந்துகள் ஆரம்பக் கட்டத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன, நிறுத்துவதில்லை. ஆனா வராமல் தடுக்கவோ தள்ளிப் போடவோ நிறைய இடம் இருக்கு. மருத்துவ இதழான லான்செட் அமைத்த நிபுணர் குழு 2024இல் 14 காரணிகளைப் பட்டியல் போட்டது. அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் வரும் நினைவிழப்பு நோய்களில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு.

என்னென்ன தெரியுமா? குறைந்த படிப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், உடல் உழைப்பு இல்லாமை, புகை, அளவு மீறிய குடி, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, தலைக்காயம். ஓரமா ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, ரத்தக்குழாய் விஷயம்? இதில் பாதி அதைப் பற்றித்தான். இதயத்துக்கு நல்லது மூளைக்கும் நல்லது.

ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1260 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மீதிப் பாதிக்கு நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்த்து இரண்டு வருடம். 2015இல் முடிவு வந்தபோது இரண்டாவது குழுவின் சிந்தனைத் திறன் மேலாக இருந்தது. ஏதோ ஒரு பவுடரோ மொபைல் கேமோ இதைச் செய்யவில்லை, பல சின்ன விஷயங்கள் சேர்ந்து செய்தன.

இன்னொன்று, நோய் மூளைக்குள் தொடங்குவது மறதி தெரிவதற்குப் பல வருடங்கள் முன்னாலேயே. அப்படின்னா கவனிக்க வேண்டிய முக்கியமான காலம் நடுவயது. நாற்பதிலிருந்து அறுபத்தைந்துக்குள். இப்போ உங்க அப்பா அம்மாவோட வயசை யோசிச்சுப் பாருங்க. நம்மில் நிறைய பேர் வீட்டில் ஐம்பதைச் சுற்றித்தான் இருக்கும். அவுகுஸ்டேக்கு வந்தது மாதிரி 51இல் வருவது அரிது, அதுக்காகப் பதற வேண்டாம். ஆனா எழுபதில் அவங்களுக்கு ஞாபகம் எப்படி இருக்கும் என்பதில் ஒரு பகுதி இப்போதான் எழுதப்படுது.

அதனால இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது சில வேலைகள். அம்மா கடைசியா எப்போ பிரஷர் பார்த்தாங்கன்னு கேளுங்க, நம்மளைப் பார்த்துப் பார்த்து அவங்க தன்னைப் பார்த்துக்க மறந்திருப்பாங்க. டிவி சத்தத்தை அப்பா கூட்டிக்கிட்டே போனால் திட்டாமல் காது டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கண்ணாடி போடுவது மாதிரிதான் காது மெஷினும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சாயங்காலம் இரண்டு பேரையும் நடக்கக் கூட்டிட்டுப் போங்க. தாத்தா பாட்டி இருந்தால் பேசுங்க, ஒரே கதையை நாலாவது தடவை சொன்னாலும் கேளுங்க. தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கு. நீங்க பைக் எடுத்தால் ஹெல்மெட் போடுங்க, தலைக்காயமும் அதே பட்டியலில்தான் இருக்கு.

அல்சைமர் கடைசி வரை மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. தன்னைத் தொலைத்துவிட்ட ஒரு பெண்ணுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், கேட்டார், எழுதினார். மற்ற எல்லாமே அதற்குப் பிறகு வந்தவைதான். உட்கார்ந்து கேட்பதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க, சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு, அப்படியே பிரஷர் பார்த்தீங்களான்னும் கேளுங்க.